சூசையண்ணன் காது

செருப்பைக் கழட்டாதப்பா. போட்டுக்கிட்டே வா. இந்த வீட்டுல செருப்போட வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எத்தனை தடவ கூட்டினாலும் பித்தளைச் சீவல் எங்கருந்தாச்சும் கிளம்பி வந்து கால்ல ஏறிரும். மனுசன் மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசமாச்சு. அவரு கடைஞ்சு தள்ளுன சீவலு இன்னும் என் பாதத்துல ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. போன வாரங்கூட ஊக்கை வச்சு நோண்டி எடுத்தேன்.

உக்காரு. ஐய, அந்த ஸ்டூல்ல வேணாம், அது அவரோடது. நான்கூட அதுல உக்கார்றதில்ல. இந்த நாற்காலியில உக்காரு. எந்த ஊரு, கரூரா? கையில இருக்குற பெட்டியப் பாத்தாலே பேண்டு செட்டுன்னு தெரியுதே. டிரம்பட்டுக்கு மவுத்பீஸ் வேணுமாக்கும். நீ ஒருத்தனா கேக்குற? மாசத்துக்கு ஒருத்தன் வந்து நிக்கிறான், "சூசையண்ணன் இருக்காராம்மா"ன்னு. செத்துட்டாரேப்பான்னா மூஞ்சி சுருங்கிப் போகும். அப்புறம் மெதுவா, "மிச்சம் மீதி ஏதும் கெடக்குமா?" பந்தி முடிஞ்ச பின்னாடி வந்து வடை இருக்கான்னு கேக்குறவன் மாதிரி.

கெடக்கு. அந்தத் தகர டப்பாவுல இருக்கு, எடுத்துப் பாரு. செய்யச் சொல்லிட்டு வாங்க வராதவன், வாங்க வர்றதுக்குள்ள செத்துப் போனவன், அவங்களோடதெல்லாம் அதுலதான். உன் உதட்டுக்கு எது ஒத்து வருதோ எடுத்துக்க. நீ பாக்குற வரைக்கும் நான் பூவைக் கட்டிக்கிறேன். சாயங்காலம் பூக்கடைக்காரன் ஆளு வந்துருவான், இந்தக் கூடை மல்லி பூராம் முடிச்சாகணும்.

இந்தா, இந்தா, அதைத் தொடாத! மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல மாடத்துல இருக்கு பாரு, அந்த ஒண்ணுல மட்டும் கை வைக்காத. அது குடுக்குறதுக்கு இல்ல. அது எம்மவன் இன்னாசியோடது.

அவரை நேர்ல பாத்திருக்கியா நீ? இல்லையா? பாத்தவனாட்டம் பேசுற. "சூசையண்ணன் காது மாதிரி ஒரு காது உண்டாம்மா"ங்கிற. எல்லாரும் அதைத்தான் சொல்லுவீங்க. கரூர்க்காரனும் அதைத்தான் சொல்றான், காரைக்குடிக்காரனும் அதைத்தான் சொல்றான். சிரிக்கிறேன்னு தப்பா நினைக்காத. சிரிப்பு வருது, என்ன செய்ய? அந்தக் காதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இந்தத் திண்டுக்கல்லுல ஒரு சீவனுக்கும் தெரியாது. இனிமே சொன்னா என்ன கெட்டுப் போகுது. கல்லறைக்குள்ள இருக்குறவர்கிட்ட யாரும் போயி "உமக்கு வேலை தர மாட்டேன்"னு சொல்லப் போறதில்ல.

கல்யாணமான புதுசுல அவரு பூட்டுப் பட்டறையில லேத்து ஓட்டிக்கிட்டு இருந்தாரு. தைனேஸ் மாஸ்டர்னு ஒருத்தரு, இங்க பேண்டு செட்டு வச்சு நடத்துனவரு. அவரோட டிரம்பட்டு மவுத்பீஸு கீழ விழுந்து நசுங்கிருச்சு. மறுநா கோயில்ல சப்பரம். "சூசை, ஏதாச்சும் பண்ணுப்பா"ன்னு ஓடி வந்தாரு. இவரு ஒரு துண்டு பித்தளைய எடுத்து லேத்துல மாட்டி, அவரு உதட்டை ஒரு பார்வ பாத்து, கடைஞ்சு குடுத்துட்டாரு. மறுநா தைனேஸ் மாஸ்டர் ஊதுனதைக் கேட்டு, சப்பரம் தூக்குறவனெல்லாம் தோளை மாத்த மறந்துட்டான்னு பேசிக்கிட்டாங்க. அன்னைக்குப் பிடிச்ச சனி. பூட்டுப் பட்டறைய விட்டாச்சு, இந்த முன்னறையில லேத்தைப் போட்டாச்சு.

கடையில விக்கிற மவுத்பீஸு தச்சு வச்ச சட்டை, ஆளைப் பாக்காம தச்சதுன்னுவாரு. இவரு ஆளைப் பாத்துச் செய்யிறவரு. கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன மெழுகுவத்தித் துண்டை உபதேசியார்கிட்டக் கேட்டு வாங்கியாருவாரு. வெந்நியில போட்டு இளக்கி, வந்தவன் உதட்டுல வச்சு, "ஊதுற மாதிரி அமுக்கு"ம்பாரு. உதடு அப்படியே பதிஞ்சிரும். எந்தப் பல்லு தூக்குது, உதடு எங்க தடிப்பு, எல்லாம் அந்த மெழுகுல இருக்கும். அதைப் பாத்துப் பாத்துக் கடைவாரு. முதல்ல விளிம்பு, அப்புறம் உள்ளுக்குள்ள கிண்ணம், அதுக்கு அடியில துளை. ஊர்ல இருக்குற ஆம்பளையாளு உதட்டை எல்லாம் உத்து உத்துப் பாத்த மனுசன், பொண்டாட்டி உதட்டைப் பாத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. பின்னாடி பாக்க வேண்டி வந்துச்சு. அது வேற கதை. அது வேற கதையில்ல, அதுதான் கதை.

காது எப்பப் போச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது. பூட்டுப் பட்டறையில சுத்தியல் சத்தம். இங்க வந்தா லேத்துச் சத்தம். இம்புட்டுக்காணு அறைக்குள்ள வர்றவன் போறவனெல்லாம் மூஞ்சிக்கு நேரா டிரம்பட்டை வச்சு ஊதுறான். எந்தக் காது தாங்கும்? சாப்பிடக் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. திமிருன்னு நினைச்சேன். என்னா வசவு வஞ்சிருக்கேன்! "பேரு வாங்குன உடனே காதுல பொண்டாட்டி சத்தம் விழுகாதோ?"ன்னு முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்துவேன். மனுசன் பாட்டுக்கு அரத்தை வச்சுத் தேச்சுக்கிட்டு நிப்பாரு.

ஒருநா அடுப்படியில பெரிய அண்டா உருண்டு விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் பதறிக்கிட்டு ஓடியாராங்க. இவரு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பீஸைத் துணியால தொடச்சிக்கிட்டு நிக்கிறாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. முன்னாடி போயி நின்னேன். என் மூஞ்சியப் பாத்தாரு. அவராவே சொன்னாரு, "வெளிய சொல்லிராத மிக்கேலம்மா."

எப்படிச் சொல்லுவேன்? காது கேக்காதவன்கிட்ட எவன் வந்து மவுத்பீஸு கடையச் சொல்லுவான்? சோறு இந்த லேத்துலருந்துதான் வருது. காதுக்கு மெசினு மாட்டிக்கலாமேன்னேன். அதை மாட்டிக்கிட்டு உக்காந்தா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரின்னுட்டாரு. யாருக்கும் சொல்லல. பெத்த புள்ள இன்னாசிக்கும் சொல்லல. சின்னப் பய, வெளிய உளறிட்டான்னா? அப்புறம் வளந்தான். வளந்த பின்னாடியும் சொல்லல, சொல்லாமலே இருந்து பழகிப் போச்சு. அப்பாவுக்குப் பேச்சு கம்மி, அம்புட்டுதான்னு நினைச்சுக்கிட்டே வளந்தான். அவனுக்கு ஏதாச்சும் வேணும்னா என்கிட்ட வருவான். நான் அவரு முன்னாடி போயி, வாயைத் தெறந்து மூடி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன். அவரு என் உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. அப்பத்தான் என் உதட்டுக்கு ஒரு மதிப்பு வந்துச்சு.

அப்ப எப்படி பீஸு நல்லாருக்கு, நல்லால்லைன்னு சொன்னாருங்கிறியா? கேளு. இதைத்தான் யாருக்கும் சொன்னதில்ல.

தைனேஸ் மாஸ்டருக்குப் புதுசா ஒண்ணு செஞ்சிருந்தாரு. மாஸ்டர் வந்து ஊதிப் பாத்தாரு. ஊதி முடிச்சு இவரு மூஞ்சியப் பாக்குறாரு. இவருக்கு என்ன தெரியும்? மாஸ்டர் கன்னம் உப்புனது தெரியும். முழிக்கிறாரு மனுசன். கண்ணு என் பக்கம் வந்துச்சு. நான் இதோ, இந்த நிலைப்படிகிட்ட உக்காந்து இப்ப மாதிரியே பூ கட்டிக்கிட்டு இருக்கேன். மேல ஏறுற எடத்துல ஓசை பிசிறு தட்டுச்சா, எனக்கு நாரு நழுவிருச்சு. கை நின்னு போச்சு. அம்புட்டுதான். இவரு பீஸை வாங்கிக்கிட்டு, "மாஸ்டர், இது இன்னும் ஒரு இழை கடையணும், நாளைக்கு வாங்க"ன்னுட்டாரு. மறுநா மாஸ்டர் வந்து ஊதுறாரு. நான் பாட்டுக்கு ரெண்டு பூ இங்கிட்டு, ரெண்டு பூ அங்கிட்டுன்னு கட்டிக்கிட்டே போறேன். "எடுத்துக்கங்க மாஸ்டர்"னுட்டாரு. தைனேஸ் மாஸ்டர் ஆடிப் போயிட்டாரு. "யப்பா, என் காதுக்கே தட்டாத பிசிறு உனக்குத் தட்டிருச்சேப்பா!" அவரு போயி ஊரெல்லாம் சொன்னதுதான் இந்த சூசையண்ணன் காது.

அன்னைக்குச் சாயங்காலம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "ஏ புள்ள, இனிமே ஆளு வந்தா, நீ பூ கட்டுறது என் ஸ்டூல்லருந்து தெரியிற மாதிரி உக்காரு." அதுக்கு மேல அதைப் பத்தி நாங்க பேசுனதே கிடையாது. கை ஓடுனா சரி. கை நின்னா சரியில்ல. நான் என்ன சங்கீதம் படிச்சவளா? எனக்கு சரிகமகூடத் தெரியாது. பூ கட்டுற கை, அது பாட்டுக்கு ஓடும். ஓசை கெட்டா நிக்கும். அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல. கடைஞ்சதெல்லாம் அவருதான்.

என்ன அப்படிப் பாக்குற? டப்பாவுல எதாச்சும் ஒத்து வந்துச்சா? இல்லையா? மெதுவாப் பாரு, ஒண்ணும் அவசரமில்ல.

எம்மவன் கதைய கேட்டியே. அதைச் சொன்னா எனக்கு இன்னைக்குப் பூ கட்டி முடியாது. இருந்தாலும் சொல்றேன். ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னுவாங்க. எங்க வீட்டுல அது பொய்யாப் போச்சு. ஊரான் புள்ளைக்கெல்லாம் இழைச்சு இழைச்சுக் குடுத்தாரு. தன் புள்ளைக்கு மட்டும் குடுக்கல.

இன்னாசி தைனேஸ் மாஸ்டர் செட்டுல சேந்தான். ஐடிஐ முடிச்ச கையோட அங்க போயி ஒட்டிக்கிட்டான். அவனுக்கு டிரம்பட்டுன்னா உசிரு. ஆனா அவன்கிட்ட இருந்தது கடையில வாங்குன பீஸு. அவனுக்குக் கீழ் உதடு தடிப்பு, என்னை மாதிரி. இந்தா, உன்னை மாதிரின்னே வச்சுக்கயேன். அந்த பீஸு அவன் உதட்டுல உக்காராது. காத்து சைடுல போகும். மாஸ்டர் பாத்துட்டு, "டேய், இதை வச்சு நீ எப்படி ஊதுனாலும் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரித்தான் இருக்கும். உங்கப்பன்கிட்ட ஒண்ணு வாங்கிட்டு வா. அவரு சரின்னு கையில குடுத்தா, வர்ற திருநாளுக்கு முதல் வரிசையில நிக்க வைக்கிறேன்"னாரு. முதல் வரிசைன்னா சும்மாவா? தேருக்கு முன்னாடி, ஊரே பாக்க நிக்கிறது. புள்ள வீட்டுக்கு ஓடியாந்தான். என் காலைக் கட்டிக்கிட்டுச் சுத்துனான், "அப்பாகிட்டச் சொல்லும்மா"ன்னு.

சொன்னேன். அவருக்கும் சந்தோசம்தான். மெழுகை இளக்கி, அவன் உதட்டுல வச்சு, ஒரு கையால அவன் பின்மண்டையப் பிடிச்சுக்கிட்டு அமுக்குனாரு பாரு. ரொம்ப நாள் கழிச்சு மகனை அன்னைக்குத்தான் தொட்டாரு. அந்த மெழுகு இன்னும் இருக்கு. பானைக்கு அடியில குளிர்ச்சியா வச்சிருக்கேன், உருகிரக் கூடாதுன்னு.

ஒரு பீஸு கடைஞ்சாரு. இன்னாசி அந்த எடத்துலதான், நீ உக்காந்திருக்க பாரு, அங்க நின்னு ஊதுனான். தேரு கிளம்புறப்ப ஊதுவாங்களே, அந்த மெட்டு. யப்பா... எத்தனை பேரு ஊதிக் கேட்டிருக்கேன் இந்த வாசப்படியில உக்காந்து. தைனேஸ் மாஸ்டர் ஊதிக் கேட்டிருக்கேன், மதுரைக்காரங்க ஊதிக் கேட்டிருக்கேன். அப்படி ஒரு ஓசை நான் கேட்டதில்ல தம்பி. எம்மவன்னு சொல்லல. தேன் ஒழுகுற மாதிரி, அவசரமே இல்லாம வருது. எனக்குப் பூவும் மறந்துச்சு, அடுப்புல வச்ச உலையும் மறந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பெத்த வயிறு குளுந்து போச்சு.

கண்ணைத் தெறந்தா, இவரு மகன் கையிலருந்து பீஸைப் பிடுங்கி வச்சிருக்காரு. "இது சரியில்ல. வேற கடையிறேன்"ங்கிறாரு.

வேற கடைஞ்சாரு. அதையும் ஊதுனான். அதுவும் தேனுதான். அதையும் வாங்கி வச்சுட்டாரு. இன்னொண்ணு. அதுக்கப்புறம் இன்னொண்ணு. நான் ஒவ்வொரு தடவையும் வேலையெல்லாம் போட்டுட்டு உக்காந்து கேப்பேன். மகன் ஊதுறப்ப எவ பூ கட்டுவா? ஒவ்வொரு தடவையும் கண்ணைத் தெறந்து பாத்தா இவரு மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். நான் இன்னாசிகிட்டச் சொன்னேன், "நல்லாத்தானடா ஊதுற." அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கும் நல்லாருக்கிற மாதிரிதாம்மா கேக்குது. ஆனா அப்பா காதுக்கு ஏதோ தட்டுதே. அவரு காது பொய் சொல்லாதும்மா. நீ அம்மா, நீ அப்படித்தான் சொல்லுவ." அப்படிச் சொல்லிட்டான். அந்த எடத்துல, "அடேய், உங்கப்பனுக்குக் காதே கேக்காதுடா"ன்னு சொல்ல முடியுமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

இவருகிட்டயும் கேட்டேனே. கேக்காம இருப்பேனா? லேத்து ஓடிக்கிட்டு இருக்கு, பின்னாடி நின்னு கத்துனேன். "புள்ள அம்புட்டு நல்லா ஊதுறான், ஏன்யா அவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற?" திரும்பவே இல்ல. காதுல விழுகலைன்னு நினைக்கிறியா? அதெல்லாம் விழுந்திருக்கும். வேணாங்கிறதுக்குத்தான் அவருக்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும் தம்பி, பேண்டு செட்டுக்குப் போனா புள்ள குடிச்சுக் கெட்டுப் போவான்னு அவருக்கு ஒரு பயம் இருந்துச்சு. வாய்விட்டு வேணாம்னு சொல்ல மனசில்ல, இப்படிச் செய்யிறாருன்னு நினைச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லைன்னா தேன் மாதிரி ஊதுறவனைப் போயி எந்த அப்பன் வேணாம்பான்?

திருநாளுக்கு முந்தின வாரம் தைனேஸ் மாஸ்டர் வீட்டுக்கே வந்துட்டாரு. "என்ன சூசை, பையனை எடுத்துக்கவா?" இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது. "மாஸ்டர், ஊரான் புள்ளைக்கு ஒரு நாயம், என் புள்ளைக்கு ஒரு நாயமா? அவன் உதட்டுக்கு இது வராது. விட்டுருங்க." இன்னாசி அங்கதான் நிக்கிறான், கதவைப் பிடிச்சுக்கிட்டு. மாஸ்டர் அவன் தோள்ல தட்டிட்டு, "உங்கப்பன் காது சொல்லிருச்சுடா. அதுக்கு மேல அப்பீல் கிடையாது"ன்னுட்டுப் போயிட்டாரு.

புள்ள அழுகல. அழுதிருந்தாத் தேவலை. டிரம்பட்டைக் கொண்டுபோயி மாஸ்டர் வீட்டுல வச்சுட்டு வந்தான். திருநாளுக்குக்கூட நிக்கல. திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான். அங்க சாயப்பட்டறையில வேலை. அதோட டிரம்பட்டைத் தொடல. அவன் கல்யாணத்துக்குப் பேண்டு வைக்கலாம்டான்னு கேட்டதுக்கு, "வேணாம்மா, மேளம் போதும்"னுட்டான்.

நான் இவரோட பேச்சை நிறுத்திட்டேன். காது கேக்காதவரோட பேச்சை நிறுத்துனா அவருக்கு என்ன நட்டம்னு சிரிக்காத. உதட்டை அசைக்கிறதை நிறுத்திட்டேன். சோத்தை வைப்பேன், போயிருவேன். ஆளு வந்தா மட்டும் நிலைப்படிகிட்ட வந்து உக்காந்து பூ கட்டுவேன். சோத்துப் பாடாச்சே. அவரும் என்னை ஒண்ணும் கேக்கல. ஒருநா மட்டும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு நிமிந்து, "எனக்குந்தான் வலிக்குது புள்ள. நீயே அப்படி இருந்தா நான் எங்க போவேன்?"னாரு. நான் திரும்பிக்கிட்டேன். செய்யிறதையும் செஞ்சுட்டு வலிக்குதாம்ல.

ஆனா ஒண்ணு. அவன் போன பின்னாடியும் அவனுக்கு பீஸு கடையிறதை அவரு விடல. வேலையில்லாத நேரமெல்லாம் அந்த மெழுகை எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாப்பாரு. கடைவாரு, வீசுவாரு. கடைசியாக் கடைஞ்ச ஒண்ணை மட்டும் வீசாம சட்டைப் பையில போட்டு வச்சிருந்தாரு. அதான் அந்த மாடத்துல இருக்கிறது. சட்டைய ஊற வைக்கிறப்ப எடுத்து என்கிட்டக் குடுப்பாரு, காஞ்ச பின்னாடி கேட்டு வாங்கிப் போட்டுக்குவாரு. மனசு குத்தியிருக்கு. குத்தட்டும்னுதான் இருந்தேன் நானும். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

கடைசிக் காலத்துல சுரம் வந்து படுத்துட்டாரு. அப்பப் பேசுனேன். எம்புட்டு நாளைக்குத்தான் வீராப்பு. பக்கத்துல உக்காந்திருந்தேன். என் கையை எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டு, "பெத்த புள்ளைன்னு பாக்காம நாயம் சொன்னவ நீ. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது மிக்கேலம்மா"ன்னாரு. நான் என்னத்தைச் சொன்னேன்? எப்பச் சொன்னேன்? சுரத்துல பெனாத்துறாருன்னு நெத்தியில ஈரத்துணியப் போட்டேன். அதோட பேச்சு நின்னுருச்சு. பொழுது சாயிறதுக்குள்ள உசிரும் போயிருச்சு.

எடுத்துட்டுப் போனப்ப நீ பாத்திருக்கணும். சுத்துப்பட்டு பேண்டு செட்டு பூராம் வந்துச்சு. யாரும் கூப்பிடல. அவரு கடைஞ்ச பீஸு அம்புட்டும் ஒரே நேரத்துல ஊதுச்சு. கல்லறை வரைக்கும் ஊதிக்கிட்டே போனாங்க. எம்மவன் ஒருத்தன் மட்டும் உதட்டை இறுக்கிக்கிட்டு முன்னாடி சிலுவையத் தூக்கிக்கிட்டுப் போனான். கல்லறைத் திருநாளுக்கு வருவான், மெழுகுவத்தி பொருத்துவான், போயிருவான். போன தடவ வந்தப்ப வாயை மூடி மூடிப் பேசுனான். என்னடான்னா, பட்டறையில வழுக்கி விழுந்து முன்பல்லு ரெண்டு போயிருச்சாம். நான் அந்த பீஸை எடுத்துக் கையில குடுக்கலாம்னு துணியில சுத்தி வச்சிருந்தேன். பல்லு போன வாயைப் பாத்துட்டு, குடுக்காம மறுபடி மாடத்துலயே வச்சுட்டேன். பல்லில்லாம எதை வச்சு ஊதுறது? "அப்பா சொன்னது சரிதாம்மா, எனக்குக் குடுப்பினை இல்ல"ங்கிறான். ஐம்பதைத் தொடப் போறான். இன்னமும் அதைத்தான் சொல்றான்.

சரி விடு. டப்பாவுல ஒண்ணும் ஒத்து வரலையா? எல்லாத்துலயும் காத்து சைடுல போகுதா? போகும், உன் கீழ் உதடு அப்படி. என்ன பாக்குற மாடத்தையே? குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல.

ஊதி மட்டும் பாக்குறேங்கிறியா.

அதை யாரும் ஊதுனதில்ல தம்பி. அவரு கடைஞ்சு முடிச்சப்ப ஊத அவன் இங்க இல்ல. சரி, எடு. ஒரே ஒரு தடவ. துணியால தொடச்சிக்க. தேரு கிளம்புற மெட்டு தெரியும்ல? அதை ஊது. ஊதிட்டுக் குடுத்துரணும், ஆமா.

ஏன்யா நிறுத்திட்ட? ஊது. பாதியில எதுக்கு வாயிலருந்து எடுத்துட்ட?

என்னது, நல்லா இல்லையான்னா கேக்குற? யாரு சொன்னா? நான் ஒண்ணுமே சொல்லலையே. நான் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எம்மவன் ஊதுறப்ப உக்காந்திருப்பேன்ல, அந்த மாதிரி...

கையா?

கை நின்னு போச்சா.

அது நல்லாருந்துச்சுய்யா. நல்லாருந்துச்சு, அதனாலதான் நின்னு போச்சு. பிசிறு தட்டி நிக்கிறது வேற, இது வேற. இது வந்து...

இரு. கொஞ்சம் பேசாம இரு.

அந்த ஸ்டூல்லருந்து பாத்தா, நான் இங்க உக்காந்திருக்கிறது தெரியும்ல? தெரியும். தெரியணும்னுதான இங்க உக்காரச் சொன்னாரு. நான் கண்ணை மூடியிருந்தேன். அவரு என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.

நாயம் சொன்னவ நீன்னாரு தம்பி. என் கையை எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் ஈரத்துணி போட்டேன். மாதாவே, நான் ஈரத்துணி போட்டேனே.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். நீ உக்காராத. எந்திரி, எந்திரிச்சு நில்லு. அவன் நின்ன எடத்துலயே நில்லு. ஊதுய்யா. முதல்லருந்து ஊது. என்னைப் பாக்காத, அந்த ஸ்டூலைப் பாத்து ஊது. இந்தா நாரு, இந்தா பூவு. கட்டுறேன். நிறுத்த மாட்டேன். எம்புட்டு நல்லாருந்தாலும் நிறுத்த மாட்டேன். ஊது.